கங்காணியா, பொறுப்பாளரா?

"என்ன கங்காணியம்மா, கிளம்பியாச்சா?" என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன். 2019 கோடை. மாகறலில் எங்கள் தெரு வழியே, வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளின் முகம் சட்டென்று வாடிவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க அத்தே. எங்க தாத்தாவோட அப்பாவைக் கண்டிக்குக் கூட்டிட்டுப் போனவனுக்குத்தான் அந்தப் பேரு."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் வந்து அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். கண், காணி. 'கண்காணி'தான் பேச்சில் 'கங்காணி' ஆயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்து, வேலை வாங்கியவர்கள் அவர்கள். கண் இருந்தது வேலையின் மேல்.

இவளுக்குச் சர்க்கார் வைத்த பெயரோ 'பணித்தளப் பொறுப்பாளர்'. 'பொறு' என்றால் தாங்கு, சும என்று பொருள். பொறுமையும் பொறுப்பும் ஒரே வேரில் பிறந்தவை. வேலை நடக்கிற இடத்தில் மற்றவர் பாரத்தைத் தாங்குகிறவள்!

நார்வேயில் இருக்கும் என் தங்கை மகளிடம் ஃபோனில் இதைச் சொன்னேன்.

"இங்கேயும் அப்படி ஒருத்தர் உண்டு பெரியம்மா. 'வெர்னெஒம்பூட்'னு பேரு. 'வெர்னெ'ன்னா காப்பாத்தறது, 'ஒம்பூட்'னா நம்ம சார்பா பேசறவர். வேலை செய்யறவங்களே தேர்ந்தெடுக்கணும். உயிருக்கு ஆபத்துன்னா வேலையையே நிறுத்தலாம்" என்றாள்.

அதே வாரம், வாய்க்கால் தூர்வாரும்போது ஒரு பாட்டிக்கு வெயிலில் தலை சுற்றியது. நம்மவள் எல்லோரையும் மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொன்னாள். பாட்டியைப் புளியமர நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தாள்.

"அளவு குறைஞ்சா கூலி குறையுமே" என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

"திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றாளாம்.

சகோதரிகளே, நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்: 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு, தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நினைவு தடுமாறினால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்; உடம்பை ஈரத்தால் குளிரவைத்தபடியே 108-ஐ அழையுங்கள்.

மறுநாள் காலை வாசலிலேயே காத்திருந்து, "வாங்க பொறுப்பாளரம்மா!" என்றேன்.

சிரித்துவிட்டாள். "பேரு நல்லாத்தான் இருக்கு அத்தே. கூடவே ஒரு குடம் மோரும் குடுங்க. வெயில் ஏறுதே!"