வாரம் ஒருநாள் வரும் கல்வி

“இதையும் இதையும் கூட்டினா என்ன வரும்? இது வரும்.” கரும்பலகையைச் சாக்பீஸால் தட்டியபடி கணக்கு ஆசிரியர் இப்படிச் சொல்வதில் குற்றம் ஏதுமில்லை. எந்தப் பள்ளியின் வராந்தாவில் நின்றாலும் காதில் விழுகிற பேச்சுதான். அதே வகுப்பில் பார்வையில்லாத ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், அன்றைய கணக்குப் பாடத்தில் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது மூன்று ‘இது’ மட்டும். “பதினேழையும் இருபத்தைந்தையும் கூட்டினால் நாற்பத்திரண்டு” என்று எண்களை வாய்விட்டுச் சொல்ல அரசுக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால், அப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்த ஆசிரியருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

பார்வையில்லாத பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்வதில் தமிழகம் பின்தங்கி இல்லை. சேர்த்த பிறகு கற்பிப்பதில்தான் கோளாறு. பிரெய்ல் தெரிந்த ஆசிரியர் நிரந்தரப் பணியிடத்தில் இருக்க வேண்டும். பிரெய்ல் பாடநூல் ஜூன் மாதத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக் கையில் கிடைக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ‘உள்ளடக்கிய கல்வி’ வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடும்.

தென்காசி மாவட்டத்து ஆழ்வார்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். கடனாநதிப் பாசனத்தில் நெல் விளைகிற பேரூர். பரமகல்யாணி அம்மன் பெயரில் பள்ளியும் கல்லூரியும் உண்டு. படிப்பின் அருமை தெரிந்த ஊர். அங்கே ஆறு வயதில் பார்வையில்லாத ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், பெற்றோருக்கு இரண்டு வழி. ஒன்று, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி தாண்டி, நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பாளையங்கோட்டையில் விடுதியோடு கூடிய பார்வையற்றோர் பள்ளி. இன்னொன்று, தெருமுனையில் அண்ணனும் அக்காவும் படிக்கிற பள்ளி.

இரண்டாவது வழியைக் கேட்டுப் பெறும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 31-ஆவது பிரிவு, 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது. 17-ஆவது பிரிவு இன்னும் தெளிவு. பிரெய்ல் தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும் என்றும், 18 வயது வரை நூல்களும் கற்றல் கருவிகளும் இலவசமாகத் தர வேண்டும் என்றும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இத்தகைய பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இந்தச் சட்டத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே தாமிரபரணிக் கரையில் வேலை தொடங்கிவிட்டது. சாராள் தக்கர் நிறுவனத்தோடு பெயர் பிணைந்த ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அதே பத்தாண்டில், அதே ஊரில், ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காதுகேளாதோருக்கான பள்ளியை எழுப்பினார். நாட்டின் முதல் பார்வையற்றோர் பள்ளி அமிர்தசரஸில் தோன்றியது 1887-ல் என்பதை நினைத்தால், நெல்லைச் சீமை எவ்வளவு சீக்கிரம் விழித்துக்கொண்டது என்பது புரியும். அந்தப் பெருமையைப் பேசியே காலம் கழிப்பதும் நெல்லைச் சீமைக்குப் பழக்கம்தான்!

இன்று ஊர்ப் பள்ளிக்குச் சிறப்புக் கல்வி எப்படி வந்து சேர்கிறது? வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். ஐந்து பள்ளி என்றால் பள்ளிக்கு வாரம் ஒருநாள். அவர் படித்தது காதுகேளாதோருக்கான கல்வியாகவோ அறிவுத்திறன் குறைபாட்டுக்கான கல்வியாகவோ இருந்தால், பார்வையில்லாத பிள்ளையின் எதிரில் அவரும் ஒரு பொது ஆசிரியர் மாதிரிதான். மழைக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் மருத்துவ முகாமுக்கும் போன நாட்களைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதை வாசகரே கணக்குப் போடலாம். மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்து தினமும் சொல்லித்தரப்படுகிறது. இவளுக்கு மட்டும் எழுத்து பஸ் ஏறி வர வேண்டும்.

அந்தப் பயிற்றுநரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறவர்கள் அவர்கள். பணி நிரந்தரம் கேட்டுப் போராடிச் சலித்தவர்கள். தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி எழுந்த பிணக்கில், இத்திட்டத்தின் 2024-25-ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்துவிட்டது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கில் நியாயம் தமிழகத்தின் பக்கமே என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பிரெய்ல் சொல்லித்தருகிறவரின் சம்பளம் ஏன் ஒரு திட்டத்தின் தயவில் தொங்க வேண்டும்? தமிழாசிரியரின் சம்பளம் அப்படித் தொங்குகிறதா?

ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறப்பாசிரியர் விகிதத்தை வரையறுக்கவும் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கவும் உத்தரவிட்டது. 2022-ல் மத்திய அரசு விகிதத்தை அறிவித்தது. தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர். அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். மாநிலங்கள் அசையவில்லை. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் பணியிடங்களை அறிவிக்க வாரக் கணக்கில் கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு. பெண்பிள்ளைக்குத் தனியாக மாதம் 200 ரூபாய் ஊக்கத்தொகை. ஒரு நல்ல பிரெய்ல் தட்டச்சு இயந்திரத்தின் விலை இதைப்போலப் பல மடங்கு.

“இப்போதுதான் போனே எல்லாம் வாசித்துக் காட்டுகிறதே, பிரெய்ல் எதற்கு?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். திரைவாசிப்பு மென்பொருளான என்விடிஏ 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் உண்டு. கல்லூரி மாணவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் இவை வரப்பிரசாதம்தான். ஆனால், ஆறு வயதுக் குழந்தை எழுத்தைக் காதால் கற்க முடியாது. தமிழில் இது இன்னும் சிக்கல். ‘நகரம்’ என்பதில் முதலில் வருவது எந்த ந, ‘மனம்’ என்பதில் வருவது எந்த ன என்பதைக் காது சொல்லாது. அரமும் அறமும் பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பழம் ‘பளம்’ ஆகிவிடுகிற நெல்லைப் பேச்சில் வளர்கிற பிள்ளைக்கு ழகரத்தைக் கைவிரல்தான் காட்டித்தர வேண்டும். கேட்டுக் கேட்டே பத்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கும், தன் பெயரைத் தவிர எதையும் பிழையின்றி எழுதத் தெரியாது. தேர்வில் வினாவை வாசித்து விடையை எழுதித்தர ஒருவரை அரசு நியமிக்கிறது, கூடுதல் நேரமும் தருகிறது. தேவையான சலுகைகள்தான். எழுத்தறிவு இல்லாததை மறைக்கும் திரையாகவும் அவை ஆகிவிடக் கூடாது.

உண்மையில் பிரெய்ல், தமிழுக்கு வாகாகப் பொருந்துகிறது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் உயிரெழுத்துக்கென்று ஒரு கட்டம், மெய்யெழுத்துக்கென்று ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிக்கு இடம். ‘கா’ எழுத, ககரத்தை அடுத்து ஆகாரம். ‘கொ’ எழுத, ககரத்தை அடுத்து ஒகாரம். பார்வையுள்ள பிள்ளை கொம்பும் காலும் சுழியும் முன்பின்னாக வருவதைக் கண்டு தடுமாறுகிற இடத்தில், இந்தப் பிள்ளைக்கு ஒலி வருகிற வரிசையிலேயே எழுத்தும் வருகிறது. 247-ஐயும் தனித்தனி வடிவமாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முப்பத்துச் சொச்சம் கட்டங்கள் விரலுக்குப் பழகினால் போதும். எழுதும்போது மட்டும் ஒரு வித்தை வேண்டும். பிரெய்ல் பலகையில் கெட்டித்தாளைச் செருகி, எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாகி, இடமிருந்து வலமாக வாசிக்க வரும். இந்தக் கைப்பழக்கத்துக்குத் தினமும் அரைமணி நேரம், பக்கத்தில் இருந்து விரலைப் பிடித்துத் திருத்த ஒருவர் வேண்டும். வாரம் ஒருநாள் வருகிறவரால் எப்படி முடியும்?

பாடநூல் விஷயமும் இதே கதிதான். 2018 முதல் வந்த புதிய பாடநூல்கள் வண்ணப் படங்களும் விரைவுத் துலங்கல் குறியீடுகளுமாக அழகாக இருக்கின்றன. 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஆடலும் பாடலும் பட அட்டையுமாகக் குழந்தைகளை இழுத்துவைத்திருக்கிறது. நல்ல முயற்சிகள். பட அட்டையைப் பார்த்துச் சொல்லும் பயிற்சியில் பார்க்க முடியாத பிள்ளை என்ன செய்யும் என்பதை வகுப்பாசிரியர் அப்போதைக்கப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. அச்சில் ஒன்றாக இருக்கும் நூல் பிரெய்லில் மூன்று நான்கு தொகுதியாக விரியும். முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் முதல் பருவப் பாடம் இரண்டாம் பருவத்தில்தான் கைக்கு வரும்.

முழுமையாகப் பார்வை இழந்தவர்களைவிட, ஓரளவு தெரிகிறவர்களின் பாடு அதிகம் கவனிக்கப்படாதது. கண்ணாடி போட்டும் கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளையை ‘மந்தம்’ என்று வகுப்பு முடிவுகட்டிவிடுகிறது. பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள், ஜன்னல் வெளிச்சம் கூசாத இருக்கை, ஒரு உருப்பெருக்கி. இதற்கு ஆணையம் அமைக்க வேண்டுமா?

பதினோராம் வகுப்பு வந்ததும் இன்னொரு கதவு சாத்தப்படுகிறது. பார்வையில்லாதவர் என்றால் கலைப் பிரிவு என்று எழுதப்படாத விதி. ஆந்திரத்தின் ஸ்ரீகாந்த் பொல்லா அறிவியல் பிரிவு கேட்டு நீதிமன்றம் போய் வென்று, பின்னர் அமெரிக்காவின் எம்ஐடியில் படித்து, தொழிலதிபரானார். டெல்லியின் கார்த்திக் சாஹ்னி மத்திய வாரியத்தோடு மல்லுக்கட்டி அறிவியல் படித்து 2013-ல் ஸ்டான்ஃபோர்டு போனார். போராடத் துணையும் துணிச்சலும் இருந்தவர்கள் கதை இது. மதுரையின் பூரண சுந்தரி குடிமைப் பணித் தேர்வில் 286-ஆவது இடம் பெற்றபோது ஊரே கொண்டாடியது. அவருக்கு நூல்களை வாசித்துக்காட்டிய பெற்றோரின் உழைப்பைப் பத்திரிகைகள் பாராட்டின. பள்ளி செய்ய வேண்டியதைப் பெற்றோர் செய்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. தினக்கூலிக்குக் களை எடுக்கப்போகிற தாய் இரவில் எதை வாசித்துக்காட்டுவார்?

அப்படியானால் சிறப்புப் பள்ளிக்கே அனுப்பிவிடலாமே என்பார்கள். பாளையங்கோட்டையும் பூந்தமல்லியும் திருச்சியும் ஆளாக்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பள்ளிகள் தொடர வேண்டும், அவற்றுக்கு நிதியும் கூட வேண்டும். ஆனால், ஆறு வயதுக் குழந்தையை விடுதியில் விட மனமில்லாத ஆச்சியும் தாத்தாவும் இருக்கிற வீடுகளில், குறிப்பாகப் பெண்பிள்ளை என்றால், சிறப்புப் பள்ளி இல்லாவிட்டால் வீடு என்றுதான் முடிகிறது. சுற்றுவட்டாரப் பொதுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மையங்களாகச் சிறப்புப் பள்ளிகள் வளர்வதே இருதரப்புக்கும் நல்லது.

ஆளுக்கும் பஞ்சமில்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் வரலாறும் கற்பிக்கிற பார்வையற்ற ஆசிரியர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பிரெய்லில் படித்து, பிரெய்லில் குறிப்பெடுத்துப் பாடம் நடத்துகிறவர்கள். தங்கள் பள்ளியின் கால அட்டவணையைத் தாண்டி இவர்களிடம் கல்வித்துறை எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. விருப்பமுள்ளவர்களுக்குப் பாடவேளையைக் குறைத்து, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரெய்ல் ஆசிரியராகவும் பொறுப்புக் கொடுக்கலாம். வேலைக்குக் காத்திருக்கும் பார்வையற்ற பட்டதாரிகளில் சிறப்புக் கல்வியில் பட்டம் பெற்றவர்களை நிரந்தரப் பணியிடங்களில் முதலில் நியமிக்கலாம். 17-ஆவது பிரிவு சொல்லும் ஆசிரியர்களில் மாற்றுத்திறனாளிகளும் அடக்கம் என்பதைச் சட்டமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

பிள்ளைகளின் விவரம் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் ஏற்கெனவே பள்ளிவாரியாகப் பதிவாகியிருக்கிறது. எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், யாருக்குப் பிரெய்ல், யாருக்குப் பெரிய எழுத்து என்ற பட்டியல் மார்ச் மாதத்துக்குள் அச்சகத்துக்குப் போனால்தான் ஜூனில் நூல் வந்து சேரும். தென்காசி முதன்மைக் கல்வி அலுவலகம் இதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆழ்வார்குறிச்சியை உள்ளடக்கிய கடையம் வட்டாரத்திலிருந்தே பட்டியலை எடுக்கத் தொடங்கலாம்.