பாமினி உடுத்திய பாடம்

ஒஸ்லோவில் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு இணையத்தில் ஒரு பாடம் செய்து கொடுத்தேன். தலைப்புக்கு மயில்நீலம், கதைக்கு மஞ்சள் பெட்டி, எழுத்துக்கு நல்ல கறுப்பு. எல்லாம் எச்.டி.எம்.எல்லில் என் கையால் எழுதியவை. சேமித்துவிட்டுப் பார்த்தால் பாதி அலங்காரத்தைக் காணோம். நிறத்தையும் அளவையும் தனியே சொல்லும் நடைத்தாளை (சி.எஸ்.எஸ்.) பாடத்தளம் பாதுகாப்புக்காக உரித்துவிடுமாம். வரிக்குள்ளேயே எழுதிய நிறந்தான் தப்புமாம். விடுவேனா? நாற்பது பத்திகளுக்கும் ஒவ்வொன்றாக ஒட்டினேன்.

அடுத்த வாரம் ஒரு தாய் கூப்பிட்டார். “ரீச்சர், போனில பாடமே தெரியேல்லை, வெறும் மஞ்சள் பெட்டிதான் கிடக்கு.” அவருடைய போன் இருட்டுத் திரையில் இருந்திருக்கிறது. பெட்டிக்கு வெளியே கறுப்பின்மேல் கறுப்பு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது வேண்டும் என்பது நோர்வேயில் பள்ளிகளின் தளங்களுக்குச் சட்டம். நான் ஒன்றுக்கு ஒன்று கொடுத்திருந்தேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், நடைத்தாளை யோசித்தவரே ஒரு நோர்வேக்காரர். ஹோகொன் வியும் லீ, ஹால்டனில் பிறந்தவர். 1994 அக்டோபர் 10 அன்று, செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது அதை முன்மொழிந்தார். பின்னர் ஒஸ்லோவின் ஒபெரா உலாவி நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவரானார்; 2006இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் இதே பொருளில் முனைவர் பட்டமும் பெற்றார். அந்த முதல் முன்மொழிவில் எனக்குப் பிடித்த ஒரு விசித்திரம் உண்டு. எழுதுகிறவர் தன் விருப்பத்தோடு விழுக்காட்டையும் போடலாம்: இந்த எழுத்தளவில் எனக்கு 40 பங்கு போதும், மிச்சம் மற்றவர்களுக்கு. வாசிக்கிறவருக்கும் அதில் பங்கு. அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. நானோ நூறையும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

உடுப்பை நம்பி எழுதுகிற இந்த வியாதி தமிழர்களுக்குப் பழையது. யூனிகோடு பரவுமுன் எங்கள் பக்கங்கள் பலவும் பாமினி எழுத்துருவில் இருந்தன. அது இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். உள்ளே இருந்தது தமிழே அல்ல, தமிழ்ச்சட்டை போட்ட ஆங்கில எழுத்து. சட்டையைக் கழற்றினால் ஆளே இல்லை.

ஆனபடியால் ஒட்டிய நிறங்களை எல்லாம் உரித்தேன். நிறமல்லாத இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று, இது தமிழ் என்று சொல்லும் மொழிக் குறி. அது இருந்தால், திரையை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேடும். மற்றது வரி இடைவெளி. ஆங்கிலத்துக்குப் போதுகிற இடைவெளியில் எங்கள் மேல்விலங்கும் கீழ்விலங்கும் ஒன்றோடொன்று முட்டும்; அதனால் எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு வைத்தேன்.

தாய்க்கு நல்ல சந்தோசம். மகள்தான் மஞ்சள் பெட்டி எங்கே என்று கேட்டாள்.