தோல் பாவைக்கு உயிர் கொடுத்தது யார்?

மலையாள நாட்டில் பாலக்காடு ஜில்லாவில் ஷொர்ணூருக்கு அருகே கூனத்தறை என்ற ஊரில் தோல்பாவைக்கூத்து நடத்தி வரும் தோழர் கே. கே. ராமச்சந்திர புலவர் அவர்களுக்கு 2021-இல் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது. தகுதியுள்ளவருக்குத்தான் கொடுத்தார்கள், அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்தக் கூத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும், ஏதோ பகவதியின் அருளாலும் இராமகதையின் மகிமையாலும் ஒரு பழங்கலை மறுபடி தழைத்து விட்டது என்ற மாதிரியில் பேசி வருவதைத்தான் நாம் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கூத்து இன்னது என்று தெரியாத தோழர்களுக்காகச் சொல்லுகிறோம். பத்திரகாளி கோயில்களுக்கு எதிரே கூத்துமாடம் என்று ஒரு நீண்ட கட்டிடம் உண்டு. நாற்பத்திரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அதன் முன்பக்கத்தில் மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாகத் திரை கட்டி, பின்னால் ஒரு நீளமான சட்டத்தில் தேங்காய் மூடிகள் இருபத்தொன்றை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றுகிறார்கள். விளக்குக்கும் திரைக்கும் நடுவே பாவைகள். முன்காலத்தில் மான் தோல். இப்பொழுது பெரும்பாலும் ஆட்டுத் தோல். மயிரை நீக்கி, இழுத்துக் காயவைத்து, உருவம் எழுதி, சின்னச் சின்ன உளிகளால் புள்ளி புள்ளியாகத் துளையிட்டு, சாயம் ஏற்றி, நடுவில் மூங்கில் குச்சியும் கைக்கு ஒரு மெல்லிய குச்சியும் கட்டுகிறார்கள். அசையாமல் நிற்க வேண்டிய பாத்திரங்களை முள்ளால் திரையில் குத்தி வைத்துவிட்டு மற்றவற்றை ஆட்டுகிறார்கள். ஆட்டுகிறவர் பாடவும் வேண்டும், பாட்டுக்கு வியாக்கியானம் சொல்லவும் வேண்டும். பாட்டு கம்பராமாயணம், அதாவது மலையாள நாட்டில் தமிழ்ப் பாட்டு! ஆயிரக்கணக்கான செய்யுள்களை நெட்டுருப் போட்டால்தான் ஒருவனுக்குப் 'புலவர்' என்ற பெயர் கிடைக்கும். கம்பனைப் பற்றி நமது இயக்கத்தின் அபிப்பிராயம் என்ன என்பது 1943-இல் தோழர் அண்ணாதுரை அவர்கள் பண்டிதர்களோடு வாதாடிய காலத்திலேயே நாடறிந்த சங்கதி. என்றாலும், பள்ளிக்கூடப் பண்டிதர் பத்துப் பாட்டுக்கு மேல் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாத இந்த நாட்டில், விடிய விடியப் பாடிப் பொருள் சொல்லும் அந்தத் தொழிலாளியின் உழைப்பை நாம் குறைவாகச் சொல்ல மாட்டோம்.

நிற்க, இவ்வளவும் யாருக்காக? ஜனங்களுக்காக அல்ல. சிவன் தாரிகன் என்ற அசுரனைக் கொல்லுவதற்காகப் பத்திரகாளியைச் சிருஷ்டித்தானாம். அவள் தாரிகனோடு மல்லாடிக் கொண்டிருந்த அதே சமயத்தில் இலங்கையில் இராமன் இராவணனைக் கொன்று விட்டானாம். அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமற் போயிற்றே என்று தேவிக்கு வருத்தமாம். அந்த வருத்தத்தைத் தீர்க்கத்தான் அவள் கோயிலுக்கு எதிரில் நிழற்கூத்துக் காட்டும்படி சிவன் ஏற்பாடு செய்தானாம். எல்லாம் அறிந்த தேவிக்கு இலங்கையில் நடப்பது தெரியவில்லை. மனிதன் ஆட்டுத் தோலைக் கத்தரித்து, தேங்காய் மூடியில் விளக்கேற்றிக் காட்டித்தான் அவள் தெரிந்து கொள்ள வேண்டும்! சரி, ஒரு தடவை காட்டினால் போதாதா? வருஷா வருஷம் ஏழு நாள், பதினான்கு நாள், இருபத்தொரு நாள், சில இடங்களில் எழுபத்தொரு நாள் என்று காட்ட வேண்டுமென்றால், அம்மனுக்கு என்ன அவ்வளவு மறதியா?

இதில் பரிதாபம் ஒன்று இருக்கிறது. தேவிக்காக ஆடும் கூத்தாகையால் மனிதர் யாரும் பார்க்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. நேர்ந்து கொண்டவர் பணம் கட்டுகிறார். அவர் பெயரைச் சொல்லிப் புலவர் வாழ்த்துப் பாடுகிறார். பணம் கட்டியவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி விடுகிறார். வெளியே மைதானம் காலி. உள்ளே நாலைந்து பேர், விளக்குச் சூட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் வியர்த்து ஒழுக, ஒருவர் கேள்வி கேட்க ஒருவர் பதில் சொல்ல, தங்களுக்குள்ளேயே பேசிக் கொண்டு பொழுது விடியும் வரை ஆடுகிறார்கள். ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆராய்ச்சிக்காரர் இந்தக் கூத்தைப் பற்றி 1996-இல் ஒரு புத்தகமே எழுதினார்; பார்ப்பதற்கு ஆளில்லாமல் நடக்கும் நாடகம் என்பதுதான் அவருக்கும் பெரிய ஆச்சரியமாயிருந்தது. நமக்கோ ஆச்சரியமில்லை. கல்லுக்குப் பாலாபிஷேகம் செய்து குழந்தையைப் பட்டினி போடும் தேசத்தில், கலையையும் கல்லுக்கே காட்டி வந்தார்கள் என்பதில் என்ன அதிசயம்?

இந்தக் கூத்தின் பிறப்பைப் பற்றிக் கர்ணபரம்பரையாக வேறொரு கதையும் சொல்லுகிறார்கள். சின்னத்தம்பி என்ற வெள்ளாளச் செட்டி வகுப்புக்காரர் பார்ப்பனர் புராணம் படிக்கும் இடத்தில் சேர்க்கப்படாமல் விரட்டப்பட்டாராம். அந்த அவமானத்தினால்தான் படிப்பில்லாத ஜனங்களும் கதையைத் தெரிந்து கொள்ளும்படி பாவையில் காட்ட ஆரம்பித்தாராம். இது சரித்திரமென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் பத்திரகாளியின் வருத்தத்தைவிட இது நம்பத் தக்கதாயிருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், விரட்டியவனுடைய கதையையே எடுத்துக் கொண்டுபோய் விரட்டப்பட்டவர்களுக்குக் காட்டியதுதான்.

இப்படிச் செத்துக் கொண்டிருந்த கூத்துக்கு உயிர் வந்தது எப்படி? ராமச்சந்திர புலவரின் தகப்பனார் கிருஷ்ணன்குட்டி புலவர் அதைக் கோயிலுக்கு வெளியே கொண்டு வந்தார். இருபத்தொரு இரவு நடப்பதை ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கினார்கள். கூத்துமாடத்தை விட்டு, எங்கே வேண்டுமானாலும் கட்டி அவிழ்க்கக் கூடிய திரையைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்திலும் பொது மேடையிலும் வெளிநாட்டிலும் ஆடினார்கள். மகன் காலத்தில் காந்தியாரின் கதை, ஏசுவின் கதை, மாவலியின் கதை எல்லாம் தோலில் வந்தன. 2021-இல் பாலக்காட்டு மியூசியத்தில் இயந்திரமே பாவையை ஆட்டும்படிகூடச் செய்து பார்த்திருக்கிறார்கள். தேவியைப் பார்த்து ஆடிய வரையில் மைதானம் காலி; மனிதனைப் பார்த்துத் திரும்பிய பிறகு கூட்டம். இதில் அருளுக்கு எங்கே வேலை என்று கேட்கிறோம்.

இவை எல்லாவற்றையும்விட நமக்குப் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று. கூத்துமாடத்துக்குள் பெண்கள் ஏறி ஆடும் வழக்கம் இல்லாமலிருந்தது. தேவி பெண், அவளுக்கு ஆடுகிறவர்கள் மட்டும் ஆண்கள்! 2021-இல் ராமச்சந்திர புலவரின் மகள் ரஜிதா அவர்கள் பெண்களை மட்டும் சேர்த்துக் கொண்டு 'பெண் பாவைக்கூத்து' என்று ஆரம்பித்தார். பாடுவதும் ஆட்டுவதும் பெண்களே. எடுத்துக் கொண்ட விஷயமும் சீதையின் கற்பு அல்ல, பெண்கள் படும் பாடு. பத்மஸ்ரீ பட்டத்துக்குக் கிடைத்த விளம்பரத்தில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

இராமாயணத்தை எடுத்துவிட்டால் பாவைக்கூத்தில் என்ன மிஞ்சும் என்று சில பழமைப் பிரியர்கள் கேட்கிறார்கள். தோல் மிஞ்சும், உளி மிஞ்சும், விளக்கு மிஞ்சும், ஆட்டும் கையும் பாடும் தொண்டையும் மிஞ்சும். ஜாவா தீவில் பெரும்பாலான ஜனங்கள் முஸ்லிம்கள். அவர்கள் இராமனைக் கும்பிடுகிறவர்களல்ல. ஆனால் தோல் பாவை அங்கே செழிப்பாயிருக்கிறது. பழைய கதையை வெறுங்கதையாகப் பார்க்கிறார்கள், சுதந்திரப் போர்க் காலத்தில் புதுக் கதைகளும் கட்டி ஆடினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? 1893-இல் அய்யன்காளி வில்வண்டி ஏறி ராஜபாட்டையில் போனதையும், 1924-இல் வைக்கத்துத் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றதையும் இருபத்தொரு விளக்கு வெளிச்சத்தில் பார்க்க நமக்கு ஆசையாயிருக்கிறது. அவை நடந்ததும் மலையாள மண்ணில்தானே.

இன்றைக்கும் பூரக் காலம் வந்தால் புலவர் குடும்பத்தார் கோயில்களில் இராமாயணம் ஆடத்தான் செய்கிறார்கள். அதற்காக நாம் அவர்களை நோகவில்லை. கூலி கொடுக்கிறவன் சொன்ன கதையைத்தான் கூலிக்காரன் ஆட முடியும். ஆகையால் வேறு கதை கேட்கிறவர்கள் வேறு கூலியும் கொடுக்க வேண்டும். நமது மாநாடுகள் நடத்தும் தோழர்கள் ஒரு இரவுப் பொழுதை இதற்கென்று ஒதுக்கி, பெண் பாவைக்கூத்துக் குழுவினரை அழைப்பார்களாக. கதையை ஆறு மாதம் முந்தியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதுப் பாவை வெட்டி எடுக்க நாளாகும். தோலுக்கும் வழிச்செலவுக்குமான பணத்தையும் அப்பொழுதே அனுப்பிவிட வேண்டும்.