சுமப்பதற்கென்றே தரப்பட்ட கொடை



தாலந்து உவமையை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். புதைத்து வைத்தவனைக் கண்டிக்கவும் பழகியிருக்கிறோம். ஆனால் இளமையிலேயே மிகுதியாகப் பெற்றுக்கொண்டவன் அதனைக் கொண்டு என்ன செய்ய வேண்டும்? யாருக்காகச் செய்ய வேண்டும்? திறமை மிக்க பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு பெற்றோரையும் எதிர்கொள்ளும் இக்கேள்வியை, ஒரு விளையாட்டு வீரரின் ஆரம்ப ஆண்டுகளின் ஒளியில் இவ்வாரம் சிந்திப்போம்.

பசுபிக் சமுத்திரத்தின் தென்பகுதியில் உள்ள தீவு நாடு டொங்கா. அதன் சனத்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம் மாத்திரமே. ஞாயிற்றுக்கிழமையைப் புனித நாளாக அனுசரிக்க வேண்டும் என 1875ஆம் ஆண்டிலேயே தனது அரசியலமைப்பில் எழுதி வைத்த நாடு அது. பிழைப்புத் தேடி நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறிய டொங்கா மக்கள் பலர். அந்த வம்சாவளியில், 1993 மே 31ஆம் திகதி ஒக்லாந்து நகரில் பிறந்தவரே ஜேசன் டவுமலோலோ.

பதின்மூன்று வயதளவில் அவர் அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகருக்கு வந்து சேர்ந்தார். 2010 ஓகஸ்டில் நோர்த் குயின்ஸ்லாந்து கவ்போய்ஸ் கழகத்திற்காகத் தொழில்முறை ரக்பி லீக் ஆட்டத்தில் முதன்முறையாகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 17 வருடமும் 82 நாட்களும். அக்கழகத்தின் வரலாற்றில் அதுவரை அத்தனை இளவயதில் எவரும் ஆடியதில்லை. அவ்வாண்டு பதினாறு அணிகளுள் பதினைந்தாவது இடத்தில் முடித்த, துவண்டு கிடந்த ஓர் அணியில்தான் அந்தச் சிறுவன் காலடி வைத்தான்.

ரக்பி லீக்கில் அணிக்குப் பதின்மூன்று பேர். பந்தை வைத்திருக்கும் அணி ஆறு தடவை மடக்கிப் பிடிக்கப்படுவதற்குள் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்தை இழக்க வேண்டும். கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறுபவருக்கே கைதட்டல் கிடைக்கும். டவுமலோலோவுக்கு வாய்த்ததோ வேறு பணி. தன்னை வீழ்த்தக் காத்து நிற்கும் மதிலை நோக்கிப் பந்தோடு ஓடுவது, மூவர் நால்வரை இழுத்துக்கொண்டு சில மீற்றர் தூரம் முன்செல்வது, விழுவது, எழுவது, மீண்டும் ஓடுவது. ஒரே ஆட்டத்தில் இருநூறு மீற்றருக்கு மேல் அவர் பந்தைச் சுமந்த நாட்கள் பல உண்டு. அவர் சுமந்த தூரத்திலிருந்து மற்றவர்கள் புள்ளி பெற்றார்கள்.

அந்த உழைப்பு கனி தர ஆண்டுகள் பிடித்தன. 1995இல் போட்டிகளில் நுழைந்த அக்கழகம், 2015இல் பிரிஸ்பேன் அணியை 17-16 என வென்று தனது முதலாவது கிண்ணத்தைச் சுவீகரித்தது. 2016இல் அவ்வாண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை டவுமலோலோ, கூப்பர் குரோங்க் என்பவருடன் பகிர்ந்துகொண்டார். 2017இல் பத்து வருட ஒப்பந்தம் கிடைத்தது. அதன் பெறுமதி ஏறத்தாழ ஒரு கோடி அவுஸ்திரேலிய டொலர் எனப் பேசப்பட்டது.

உண்மையான சோதனை அதன் பின்னரே வந்தது. 2013 உலகக் கிண்ணத்தில் டொங்காவுக்காக ஆடிய அவர், 2014 முதல் நியூசிலாந்துக்காக ஆடி வந்தார். 2017 உலகக் கிண்ணத்திற்கு நியூசிலாந்து அணி அறிவிக்கப்படவிருந்த வேளையில், தாம் டொங்காவுக்கே ஆடப்போவதாக அறிவித்தார். பெரிய நாடுகள் வழங்கும் கொடுப்பனவை டொங்காவால் வழங்க இயலாது. அவுஸ்திரேலியாவுக்கு ஆடிய அன்ட்ரூ பிபிட்டாவும் அதே பாதையில் வந்து சேர்ந்தார்.

நியூசிலாந்தில் கண்டனம் எழுந்தது. பிறந்து வளர்ந்த மண்ணை இறுதி நேரத்தில் கைவிடலாமா என்று கேட்டார்கள். அக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. நம்பியிருந்தவர்களுக்கு ஏற்பட்ட வேதனை மெய்யானது. வளர்த்த மண்ணுக்கும் நன்றிக்கடன் உண்டு, வேருக்கும் நன்றிக்கடன் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் செலுத்த முடியாத நிலை மனித வாழ்வில் வருவதுண்டு. அப்போது வசதியும் ஊதியமும் எப்பக்கம் என்று பாராமல், தன் தேவை எங்கே அதிகம் என்று பார்த்தவரை நாம் குறைகூற முடியுமா?

அவ்வாண்டு நவம்பர் 11ஆம் திகதி ஹமில்டன் நகரில், இடைவேளையின்போது 2-16 எனப் பின்தங்கியிருந்த டொங்கா, நியூசிலாந்தை 28-22 என வென்றது. முதன்முறையாக அரையிறுதிக்கும் முன்னேறியது. அங்கே இங்கிலாந்திடம் 18-20 எனத் தோற்றது. இறுதி நிமிடங்கள் வரை 0-20 எனப் பின்தங்கியிருந்தும் போராட்டத்தைக் கைவிடாத தோல்வி அது. செந்நிற உடையணிந்து அரங்கை நிறைத்த மக்கள் பக்திப் பாடல்களைப் பாடினார்கள். இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2019இல், டொங்கா அவுஸ்திரேலியாவையே 16-12 என வீழ்த்தியது.

அன்பர்களே, நமது பிள்ளைகளை நாம் எவ்வாறு அளக்கிறோம்? பரீட்சைப் புள்ளியைக் கேட்கிறோம், பரிசைக் கேட்கிறோம். இன்று யாருடைய சுமையைத் தாங்கினாய் என்று கேட்கிறோமா? பதினேழு வயதில் வெளிப்பட்ட திறமை பதக்கமாக மாற ஆறு ஆண்டுகள் சென்றன. நாமோ ஒரு தவணை பொறுக்க மறுக்கிறோம். பிள்ளை உயர்ந்த பின்னரும், எங்கே அதிகம் கிடைக்கும் என்றே வழிகாட்டுகிறோம். எங்கே அதிகம் தேவைப்படுகிறாய் என்று சொல்லத் தயங்குகிறோம்.

இறைவன் தரும் கொடை, பெற்றவனின் தோளுக்கு அணிகலன் அல்ல. பிறருக்காகச் சுமக்கும்படி தரப்பட்ட பாரம். அதனைச் சுமக்கும் பொறுமையை நம் பிள்ளைகளுக்கும், சுமக்க விடும் துணிவைப் பெற்றோராகிய நமக்கும் அவர் அருள்வாராக.