மரத் தரை உப்பினால் யார் சம்பளம் குறையும்?

சென்னையில் மரத் தரைக்கு மவுசு கூடிக்கொண்டே போகிறது. பேட்மின்டன் அரங்கு, நடனப் பள்ளி, உடற்பயிற்சிக் கூடம், கம்பெனி முதலாளியின் அறை, மேல்தட்டுக் குடியிருப்பு என்று எங்கும் ஓக், மேப்பிள், தேக்குப் பலகைகள். அந்தத் தரையைத் துடைப்பவர்களில் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பக்கத்துக் கிராமங்களில் நாங்கள் வேலை செய்வதால், விடுமுறைக்கு ஊர் திரும்பும் இந்தப் பிள்ளைகளின் சம்பளக் கணக்கு எங்களிடம் வந்து சேர்கிறது. அதில் அடிக்கடி வரும் ஒரு சொல் ‘பிடித்தம்’.

தாமதமாக வந்தால் பிடித்தம். சீருடைக்குப் பிடித்தம். தங்கும் அறைக்குப் பிடித்தம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அண்மையில் நாங்கள் கேட்டது வேறு மாதிரி. ஒரு அரங்கின் மரத் தரை மழைக்காலத்தில் உப்பிக்கொண்டது. பலகைகளின் ஓரம் எழும்பி, நடுப்பகுதி பள்ளமாகிவிட்டது. “தண்ணி அதிகமா விட்டுத் துடைச்சிட்டானுங்க” என்றார் சூப்பர்வைசர். ஷிப்டில் இருந்த நான்கு பேருக்கும் இரண்டு மாதங்களாகச் சம்பளம் குறைந்தது. எவ்வளவு நட்டம், அதில் யார் பங்கு எவ்வளவு என்று எந்தத் தாளும் கையில் தரப்படவில்லை. “என்ன கேக்கறதுன்னு தெரியலைங்க. துடைச்சது நாங்கதானே” என்றார் அந்த நால்வரில் ஒருவர்.

துடைத்தது அவர்கள்தான். தரை உப்பியதற்கும் அவர்கள்தான் காரணமா? இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை என்பதால்தான் நாம் எழுதுகிறோம்.

மரம் வெட்டுப்பட்ட பிறகும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், காற்று காய்ந்தால் வெளியே விடும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால், நம் ஊர் வெப்பத்தில் மரத்துக்குள் சுமார் 9 விழுக்காடு நீர் நிற்கும். ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு ஏறி அங்கேயே நாள்கணக்கில் நின்றால், மரத்தின் நீர் சுமார் 16 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். அப்போது ஒவ்வொரு பலகையும் அகலவாக்கில் விரியும். விரிய இடமில்லாவிட்டால் பக்கத்துப் பலகையை நெருக்கும். பலகையின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் அதிகம் ஈரமானால் ஓரங்கள் எழும்பும். அந்த அரங்கில் நடந்தது இதுதான்.

அடிப்பக்கத்துக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது? கான்கிரீட் தளம் முழுதும் காய்வதற்கு முன் பலகையை ஒட்டியிருக்கலாம். தளத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஈரத்தடுப்புத் தாள் விரிக்காமல் விட்டிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த பலகையை அறையின் காற்றுக்குப் பழக்காமல் வந்த வேகத்தில் பொருத்தியிருக்கலாம். சுவரோரம் விரிவுக்கான இடைவெளி விடாமல் இருந்திருக்கலாம். பகலெல்லாம் ஏ.சி. ஓடி, மின்கட்டணத்தை மிச்சம்பிடிக்க இரவில் அதை அணைத்தால், மரம் தினமும் ஒருமுறை சுருங்கி ஒருமுறை விரியும். இந்த ஐந்தில் எதுவும் மாப்பு பிடிப்பவரின் கையில் இல்லை. கட்டடக்காரர், தரை போட்டவர், நிர்வாகி ஆகியோரின் கையில் இருப்பவை அவை.

மாப்பாலும் மரம் கெடும் என்பதை நாம் மறுக்கவில்லை. வாளித் தண்ணீரைக் கொட்டித் துடைத்தால் பலகைகளின் இடுக்கு வழியாக நீர் இறங்கும். பினாயிலும் ஆசிட்டும் மேற்பூச்சை அரிக்கும். அப்படியானால் மரத் தரையை எப்படித் துடைக்க வேண்டும்? முதலில் மென்மையான துணியால் தூசியையும் மணலையும் எடுக்க வேண்டும், ஏனென்றால் மணல்தான் மேற்பூச்சைக் கீறுகிறது. அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைத் திரவத்தை அளவாகக் கலந்து, துணியை இறுகப் பிழிந்து, மரத்தின் ரேகை ஓடும் திசையில் துடைக்க வேண்டும். தொட்டால் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடும் அளவுக்கு மேல் ஈரம் நிற்கக் கூடாது. அறையில் ஈரப்பதமானி மாட்டி, அளவு ஏறினால் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட வேண்டும். தரை உப்பிவிட்டால் உடனே தேய்க்கக் கூடாது. காய்ந்து தானே பழைய நிலைக்கு வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு ஓரத்தைத் தேய்த்துச் சமமாக்கினால், பின்னால் காயும்போது நடு மேடாகி ஓரம் தாழ்ந்து போகும்.

இவ்வளவையும் தெரிந்து செய்வதற்குப் பெயர் தொழில்நுட்பம். ஆனால் சம்பளப் பட்டியலில் இந்த வேலை ‘திறன் தேவைப்படாத வேலை’. பலகையை ஒட்டுகிறவர் திறன் பெற்றவர், பாலிஷ் போடுகிறவர் திறன் பெற்றவர். அதே தரையை வருடம் முழுக்க உயிரோடு வைத்திருப்பவர் மட்டும் திறனில்லாதவர். அந்த நால்வருக்கும் ஒரு மணி நேரப் பயிற்சிகூடத் தரப்படவில்லை. கொடுக்கப்பட்டவை வாளி, மாப்பு, ஒரு பாட்டில் பினாயில். கடைசியில் திறன் வேண்டாத வேலை என்று சொல்லிக் குறைந்த கூலி கொடுத்தார்கள், திறன் இல்லாமல் செய்தாய் என்று சொல்லி அதிலும் பிடித்தார்கள். ஒரே வாய் இரண்டையும் எப்படிச் சொல்கிறது?

சொல்ல முடிகிறது, ஏனென்றால் இந்த நாட்டில் சுத்தம் செய்வது கற்றுக்கொள்ளும் வேலையாகக் கருதப்படவே இல்லை. பிறப்போடு வருவதாகக் கருதப்படுகிறது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே ஒருவர் கீழ் ஒருவராக அடுக்குகிறது என்பது 1936இல் அம்பேத்கர் வைத்த வாதம். சமூகவியல் வகுப்பில் நாம் அதைத் தேர்வுக்காகப் படித்தோம். ஹவுஸ்கீப்பிங் என்று பெயர் மாற்றி, நீலச் சீருடை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டினாலும் அந்த அடுக்கு கலையவில்லை என்பதை வேலைக்கு வந்த பிறகு பார்க்கிறோம். நேற்றுவரை நகரத்துத் தரைகளைத் துடைத்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். இன்று அவர்கள் பக்கத்தில் பழங்குடிப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். “எந்த ஊரு, என்ன ஆளுங்க?” என்று கேட்டால் அவர்கள் ‘மலையாளி’ என்கிறார்கள். உடனே ‘கேரளாவா?’ என்று அடுத்த கேள்வி வருகிறது. மலையை ஆள்கிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு பழங்குடி திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருப்பதே வேலை கொடுப்பவருக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை என்று அவர் நினைக்கிறார்.

இத்தனைக்கும் ஈரத்தையும் தரையையும் பற்றி இந்த மலைப் பெண்களுக்குத் தெரியாதா? சாணம் மெழுகிய மண் தரையில் வளர்ந்தவர்கள் அவர்கள். மூடம் போட்ட நாளில் மெழுகினால் தரை காயாது, பூஞ்சை பிடிக்கும் என்று வெயில் பார்த்து மெழுகுவார்கள். கையால் தொட்டுப் பார்த்தே சாணக் கரைசலின் பதம் சொல்வார்கள். ஈரப்பதமானி சொல்வதை அவர்கள் உள்ளங்கை சொல்கிறது. அந்த அறிவோடு வந்த பெண்ணுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் மரத் தரையை யாரைவிடவும் நன்றாகப் பார்த்துக்கொள்வார். ஆனால் அவர் சொல்வதைக் கேட்கும் ஏற்பாடு எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. “தரை உள்ளே ஓதமா இருக்கு” என்று ஒருவர் முன்பே சொன்னதாகவும், “உன் வேலையைப் பாரு” என்று பதில் வந்ததாகவும் அந்த நால்வரும் சொன்னார்கள்.

மரத்தின் பெயரால் பழி சுமப்பது ஜவ்வாது மலைக்குப் புதிதல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குப் போனவர்கள் அவர்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினரே பெரும்பாலோர். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. செம்மரத்தை வாங்கிச் சேர்த்தவர்கள், கப்பலேற்றியவர்கள், கடல்கடந்த ஊர்களில் அதைச் செதுக்கி அறைகலனாக விற்றவர்கள் யாரும் அந்தக் காட்டில் இல்லை. கோடாரி பிடித்த கைதான் இருந்தது. உயிர் போனதையும் சம்பளம் போனதையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் பழி பயணிக்கும் பாதை ஒன்றுதான். மரத்தில் லாபம் பார்க்கும் சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும், தப்பு என்று வந்தால் அது நேராகக் கடைசிக் கையைத் தேடி வருகிறது.

இப்போது சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கே நமக்குப் பிடிமானம் இருக்கிறது. சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க முதலாளிக்கு வரம்பற்ற உரிமை கிடையாது. 1936 ஊதிய வழங்கல் சட்டத்தில் இருந்த பாதுகாப்பு 2019 ஊதியச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. சேதமான பொருள் அந்தத் தொழிலாளியின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். சேதம் அவருடைய கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்டதாக இருக்க வேண்டும். பிடிக்கும் தொகை சேதத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்க வேண்டும். அபராதம் என்று போட்டால் அந்த மாத ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒரு அரங்கின் தரையை, அதில் ஒரு ஷிப்ட் மாப்பு போடுகிறவரின் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் என்று எந்த நியாயத்தில் சொல்வது? அந்த நால்வர் விஷயத்தில் இதில் ஒரு நிபந்தனைகூட நிறைவேறவில்லை.

சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரை வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்குப் பொருந்தியது. 2020 தொழில்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 50 ஆக்கிவிட்டது. பதினைந்து இருபது பேரை வைத்து நடத்தும் துப்புரவு காண்ட்ராக்டர் அந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார். அதே சட்டத்தொகுப்பு, மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று சொல்லிவிட்டு, பெருக்குதல், துடைத்தல், தூசி தட்டுதல் போன்ற துப்புரவு வேலைகளைப் பொதுவாக மையப் பணி அல்ல என்று ஒதுக்கி வைக்கிறது. சுத்தம் இல்லாமல் ஒருநாள்கூட ஓடாத அரங்கில் சுத்தம் மையமான வேலை இல்லையாம். ஊருக்குள் சேரி இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உடம்பின் கணக்கும் இருக்கிறது. பழைய மேற்பூச்சைத் தேய்த்து எடுக்கும்போது பறக்கும் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்தியது. மூக்கையும் அதை ஒட்டிய காற்றறைகளையும் அது தாக்குகிறது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். எங்களிடம் பேசிய பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் யாரும் சொல்லியிருக்கவில்லை. முகத்தில் கட்ட ஒரு கைக்குட்டை, அதுவும் அவர்கள் சொந்தக் காசில் வாங்கியது.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மரத் தரைப் பராமரிப்பைத் திறன் பெற்ற வேலையாக அறிவித்து அதற்கான குறைந்தபட்ச ஊதியத்தை அரசு நிர்ணயிக்க வேண்டும். வேலைக்குச் சேர்க்கும்போதே தமிழில் பயிற்சியும், தூசி வடிகட்டும் முகக்கவசமும் தர வேண்டும். தரையைப் போட்டவரும் கட்டடத்தின் உரிமையாளரும் ஈரத்தின் அளவைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும், சேதம் வந்தால் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் புரட்ட வேண்டும். காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்ற பொறுப்பு, எத்தனை பேர் வேலை செய்தாலும் பொருந்த வேண்டும். ஜவ்வாது மலையிலும் சுற்றுலா வளர்கிறது, கோடை விழாவுக்குக் கூட்டம் வருகிறது. நாளைக்கு இங்கே மரத் தரை போட்ட குடில்கள் எழும்பினால், இந்த மலையின் பிள்ளைகளுக்கு அவற்றில் துடைக்கும் வேலை மட்டும்தான் என்று ஆகிவிடக் கூடாது. தரை போடவும், அளக்கவும், ஒப்பந்தம் எடுக்கவும் அவர்களுக்குப் பயிற்சியும் கடனும் கிடைக்க வேண்டும்.

இதைப் படிக்கும் துப்புரவுத் தொழிலாளத் தோழர்களுக்கும், அவர்களின் வீட்டாருக்கும்: சம்பளத்தில் பிடித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், கேட்ட தேதியை நோட்டில் எழுதி வையுங்கள். தரை உப்பியிருப்பதைப் பார்த்தால் துடைக்கும் முன்பே செல்போனில் படம் எடுத்து, சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், நேரம் அதில் பதிவாகிவிடும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்க 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கும். அந்த நால்வரும் இப்போது தங்கள் சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்திருக்கிறார்கள். மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.