கம்பனியை மாற்ற முதல் முற்பணத்தை மீட்டெடுங்கள்

வாடகைக் கட்டடத்தைப் பராமரிக்கக் கொடுத்த கம்பனி சரியில்லை என்று முறைப்பாடு சொல்லும் முதலாளிமார் எமது சமூகத்தில் நிறையவே இருக்கிறார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றால் வாரத்துக்கு ஒருவரிடமாவது இதைக் கேட்கலாம். ஆனால் 'மாற்றிவிட்டேன்' என்று சொல்பவரைக் காண்பது அரிது. பத்து வருடமாக முறைப்பாடு, பத்து வருடமாக அதே கம்பனி.

ஏன் என்று கேட்டால் "நம்மட ஆள் தானே நானா, எப்படி மூஞ்சைப் பார்த்துச் சொல்றது" என்பார்கள். முகத்தாட்சண்யம் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. உண்மையான காரணம் வேறு. குடியிருப்பாளரின் முற்பணம், வாடகை ஒப்பந்தத்தின் மூலப்பிரதி, மாற்றுச் சாவி, குடியிருப்பாளரின் தொலைபேசி இலக்கம் எல்லாமே கம்பனியின் கையில். கட்டடத்தின் உறுதி மட்டும்தான் எம்மிடம். அசைந்தால் என்ன போகுமோ என்ற பயத்தில் அசையாமல் இருக்கிறோம்.

முன்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் கடை வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. கணக்கப்பிள்ளை ஒருவர் மாதம் பிறந்ததும் கொப்பியோடு போய் வாடகை வசூலித்து வருவார். இன்று பிள்ளைகள் டோஹாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், கட்டடம் தெஹிவளையில் இருக்கிறது. கம்பனி தேவைதான். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆனால் மாற்றுவது துரோகம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். மார்க்கத்தில் இதற்கு வகாலத் என்று பெயர். வகீலை நியமித்தவர் அவரை நீக்கவும் முடியும், வகீல் தானாக விலகவும் முடியும். கூலி பேசி, காலம் குறித்து எழுதிய ஒப்பந்தமாயின் அதிலுள்ள முன்னறிவித்தல் காலத்தை மதிக்க வேண்டும், சேர வேண்டிய கூலியை முழுதாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கடமை. அவரிடம் இருக்கும் எமது பணம் அமானிதம். அதை அவர் தனது வியாபாரத்தில் போட்டுப் புரட்டுவதற்கு அனுமதி கிடையாது. சிக்கல் ஆரம்பிப்பதே இந்த இடத்தில்தான்.

என் மச்சான் குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். தெஹிவளையில் மூன்று மாடிக் கட்டடம். கீழே மருந்துக்கடை, நடுவில் டியூஷன் வகுப்பு, மேலே ஒரு குடும்பம். மாத வாடகை முறையே 150,000, 120,000, 80,000 ரூபா. மாமா மௌத்தான பின் உம்மாவுக்கும் இரண்டு ஆண் பிள்ளைகளுக்கும் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் சேர்ந்த சொத்து அது. பராயிள் பிரகாரம் எட்டில் ஒன்று உம்மாவுக்கு, ஆண்களுக்கு இரண்டிரண்டு, பெண்களுக்கு ஒவ்வொன்று. கம்பனியின் 8 வீதம் போக உம்மாவின் பங்கு மாதம் 40,250 ரூபா. அவருடைய மருந்துச் செலவே அதில்தான் ஓடியது.

கணக்கு ஒழுங்காக வராததால் மூன்று மாத முன்னறிவித்தல் கொடுத்து கம்பனியை மாற்றினார்கள். மூன்று குடியிருப்பாளர்களின் ஆறு மாத முற்பணம், மொத்தம் 21 இலட்சம், பழைய கம்பனியின் கணக்கில் இருந்தது. கேட்டபோது "வேறு வேலைகளில் போட்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்று பதில் வந்தது. இதைக் கேள்விப்பட்ட டியூஷன்காரர் வாடகை கட்டுவதை நிறுத்திவிட்டார். "என் பணம் உங்கள் கட்டடத்துக்குத் தந்தது, கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவருக்குக் கட்டடச் சொந்தக்காரரைத்தான் தெரியும். புதிய கம்பனிக்கும் அதே 8 வீதம் என்பதால் உம்மாவுக்கு மாதம் 13,800 ரூபா குறைந்தது, ஆறு மாதத்துக்கு. பழைய கம்பனி பணத்தைத் துண்டு துண்டாகத் தந்தது. இன்னும் இரண்டு இலட்சம் பாக்கி.

ஆகவே நீக்கும் கடிதத்தை அனுப்புவது முதல் வேலையல்ல. உறவு நன்றாக இருக்கும்போதே, வருடாந்தக் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லி, முற்பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒப்பந்தங்களின் மூலப்பிரதியையும் வாங்கி, 'வாடகைக்கு விடுபவர்' என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பனி தன் பெயரிலேயே போட்டிருந்தால் முதலில் சட்டத்தரணியிடம் போக வேண்டும். இன்னொரு வாசகத்தையும் தேடிப் பாருங்கள். "நாம் கொண்டு வந்த குடியிருப்பாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் எமக்குத் தரகு உண்டு" என்று சில கம்பனிகள் எழுதி வைத்திருக்கும். பிறகு கம்பனியை மாற்றியும் இரண்டு பேருக்குக் கட்ட வேண்டியதுதான்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால் வாயால் நீக்கினால் போதாது. பதிவு செய்யப்பட்டதாயின், அதை இரத்துச் செய்ததையும் பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் பதிய வேண்டும். குடியிருப்பாளர்களுக்கும் இன்ன திகதி முதல் இன்ன கணக்குக்கே வாடகை என்று பதிவுத் தபாலில் அறிவித்து, கையொப்பம் வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் பழைய ஆளிடம் நல்லெண்ணத்தோடு கட்டியவரிடம் இரண்டாம் தடவை கேட்கும் நிலை வரும்.

தண்ணீர், மின்சார நிலுவைகளை மாற்றும் நாளிலேயே மீட்டரைப் பார்த்துத் தீர்த்துவிடுங்கள். சோலை வரிப் பற்றுச்சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். கொழும்பு மாநகர சபையில் வருட வரி முழுவதையும் ஜனவரி 31 இற்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. அந்தக் கழிவு உங்கள் கணக்கில் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே கம்பனியின் குணம் தெரிந்துவிடும்.

வரி விடயம் ஒன்று. 2023 ஜனவரி முதல், பெரிய வாடகை கட்டும் வியாபார நிலையங்கள் 10 வீதத்தைக் கழித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டியுள்ளது. கழித்ததற்கான சான்றிதழ் சொந்தக்காரரான உங்கள் பெயரில் வர வேண்டும். கம்பனியின் பெயரில் வந்தால் நீங்கள் வருமான வரி கட்டும்போது அந்தத் தொகையைக் காட்டிக் கழிப்பது பெரும்பாடு. மாற்றுவதற்கு முன் பழைய சான்றிதழ்கள் அனைத்தையும் கேட்டெடுங்கள்.

தொடர்மாடி வீட்டுக்காரர் சிலர் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தையும் தமது வீட்டை வாடகைக்கு விடும் கம்பனியையும் ஒன்றாக நினைக்கிறார்கள். லிஃப்டும் ஜெனரேட்டரும் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. அதைத் தனியாளாக மாற்ற முடியாது, கூட்டத்துக்குப் போய் வாக்களிக்க வேண்டும்.

புதிய கம்பனியைத் தெரிவு செய்யும்போது வீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 8 வீதம் எடுப்பவரை விட்டு 5 வீதக்காரரிடம் போனவர்களை அறிவேன். வாஷர் மாற்றுவதற்கும் பிளம்பருக்கும் பெயின்ட்டுக்கும் வந்த பில்லில் அந்த 3 வீதத்துக்கு மேலாகவே போய்விட்டது. வாடகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து, கம்பனி தன் கூலியைப் பில் அனுப்பி வாங்கட்டும். இதற்கு உடன்படாத கம்பனியோடு பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

சொத்து சகோதர சகோதரிகளுக்குப் பொதுவானதென்றால் மாதக் கணக்கின் பிரதியை நேரடியாக எல்லோருக்கும் அனுப்பும்படி கம்பனிக்கு எழுதிக் கொடுங்கள். மூத்த நானாவுக்கு மட்டும் கணக்கு வருவதும், தாத்தா, தங்கச்சிமார் தருவதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதும் எம்மவர் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. மச்சான் வீட்டில் இப்போது மாவனல்லையில் இருக்கும் தங்கைக்கும் மாதம் 5ஆம் திகதி கணக்குப் போகிறது. கீழ்மாடி வாடகை மூன்று வருடமாக உயர்த்தப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.