தஞ்சைக் கட்டாரியின் அயல்நாட்டு அலகு

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள தஞ்சைக் கட்டாரிகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மற்றக் கத்திகளைப்போல் இதன் பிடி அலகுக்கு நேர்க்கோட்டில் இருக்காது. இருபுறமும் கம்பிகள், நடுவே குறுக்குப் பிடி. முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அலகு விரல் முட்டிகளுக்கு முன்னால் நீட்டி நிற்கும். குத்தும்போது தோள் வலு முழுவதும் நுனியில் இறங்கும். புறங்கையை மறைக்கக் கப்பல் பாய்போல் வளைந்த தகடு, அதில் துளை வேலைப்பாடு, யாளி. தஞ்சைக் கொல்லரின் கை தேர்ந்த கை என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

ஆனால், அலகு? பல கட்டாரிகளில் அது 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நெடுவாளின் துண்டு. நீளவாக்கில் ஓடும் குறுகிய பள்ளங்களே காட்டிக்கொடுத்துவிடும். கப்பலில் வந்த வாளை அளவாக வெட்டி, பிடியோடு சேர்ந்த தகடுகளுக்கு இடையே செருகி ஆணியடித்து இறுக்கியிருக்கிறார்கள்.

உலகுக்கே உருக்கு விற்ற நாட்டில் வெளியூர் இரும்புக்கு என்ன வேலை என்ற கேள்வி எழும். விடை உலோகத்தில் இருக்கிறது. நம் கொல்லர்கள் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் பச்சிலையையும் களிமண் குகையில் (உலோகம் உருக்கும் கலம்) இட்டு, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சினார்கள். காற்றுப் புகாத குகைக்குள் விறகின் கரியை இரும்பு உறிஞ்சிக்கொண்டு உருகும். மெல்ல ஆறவிட்டுக் குகையை உடைத்தால், 1 முதல் 2 சதவீதம்வரை கரி ஏறிய உருக்குக் கட்டி கிடைக்கும். அதன் கூர்மைக்கு ஈடில்லை. ஆனால், கரி கூடக் கூட இரும்பு நொறுங்கும் தன்மையைப் பெறும். கரி குறைந்த ஐரோப்பிய வாளோ வளைந்து நிமிரக்கூடியது. இரண்டின் குணமும் அறிந்த கொல்லன், வேலைக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டான். இதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

நம் உருக்கைக் கையாளத் தெரியாமல் திணறியவர்கள் ஐரோப்பியக் கொல்லர்கள்தாம். தங்கள் வழக்கப்படி வெண்சூட்டில் வைத்து அடித்தார்கள், கட்டி சிதறியது. மங்கிய செஞ்சூட்டிலேயே பொறுமையாக அடிக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இந்த உருக்கைப் பற்றிக் கட்டுரை படித்தார். அடுத்து, மைக்கேல் பாரடே கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து ஆராய்ந்தார். பாரடேயும் ஒரு கொல்லரின் மகன்தான். அலுமினியக் கலப்பே இதன் சிறப்புக்குக் காரணம் என்று அவர் நினைத்தார். அது தவறாகப் போனது. இன்று மின்சாரத்துக்காக அவரைப் போற்றுகிறோம். இந்திய உருக்கோடு அவர் மல்லுக்கட்டியதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

இவ்வகைக் குகை உருக்கால் அடித்த, பேர்பெற்ற டமாஸ்கஸ் வாள் எல்லாம் தமிழ்நாட்டு உருக்கில் செய்தவை என்று மேடைகளில் முழங்குகிறார்கள். துறைக்காரன் என்ற முறையில் இதை நான் ஏற்க மாட்டேன். கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் உருக்கு காய்ச்சிய தடயங்கள் உறுதியாக உள்ளன. சேலத்துக் கஞ்சமலையில் இரும்புத் தாது குவிந்து கிடக்கிறது. ஆனால், தெலங்கானாவின் கோனசமுத்திரத்திலும் இலங்கையிலும் மத்திய ஆசியாவின் மெர்விலும் குகை உருக்கு செய்திருக்கிறார்கள். எந்த வாள் எந்த ஊர் இரும்பு என்பதை அந்தந்த வாளைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

தஞ்சைக் கீழவாசல் பீரங்கிமேட்டில் இருக்கும் பீரங்கியையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். நீளம் சுமார் 7.5 மீட்டர், எடை 20 டன்னுக்கு மேல். அது வார்த்ததன்று. அவ்வளவு இரும்பை உருக்கி ஊற்றும் உலை அன்று இங்கே இல்லை. நீண்ட இரும்புப் பட்டைகளை உருளைபோல் அடுக்கி, அவற்றின்மேல் செஞ்சூட்டில் வளையங்களை ஏற்றி, அடித்தே ஒன்றாக்கியிருக்கிறார்கள். வளையம் ஆறும்போது சுருங்கி இறுக்கும். இல்லாத உலைக்கு ஈடாகக் கையும் சம்மட்டியும் செய்த வேலை இது.

தஞ்சையில் இன்னும் எவ்வளவோ ஆயுதங்கள் இருந்தன. 1855-இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபின் ஆங்கிலேயர் அரசை எடுத்துக்கொண்டனர். 1860-களில் அரண்மனை ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளினார்கள். தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. தென்னிந்தியக் கட்டாரிகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம்வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன.

மிஞ்சியதை என்ன செய்கிறோம்? 'கட்டாரி, தஞ்சாவூர்' என்ற அளவில் அட்டை எழுதி நிறுத்திக்கொள்வது போதாது. அலகின் உலோகத்தையும் சோதித்துச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் உள்ளமைப்பை அறிய அலகில் ஒரு துணுக்கை வெட்டியாக வேண்டும் என்பதால் காப்பாளர்கள் தயங்கினார்கள். அது நியாயமான தயக்கம். இன்று நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, கீறல்கூட விழாமல் படிக்கலாம். பிரிட்டனில் உள்ள ஐசிஸ் ஆய்வுக்கூடத்தில் இந்திய வாள்களை அப்படித்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையிலும் நியூட்ரான் ஆய்வு வசதி இருக்கிறது. முதல் தவணையாகப் பத்துக் கட்டாரிகளையாவது அங்கே அனுப்பிச் சோதித்து, கிடைக்கும் முடிவைத் தமிழில் அட்டையில் எழுதிவைக்கத் தொல்லியல் துறையும் அருங்காட்சியகத் துறையும் சேர்ந்து முன்வர வேண்டும்.

கட்டுரையாளர்: உலோகவியல் பேராசிரியர் (ஓய்வு).